61 நாள் லீவு!

வீட்டில் சொன்ன காரணம், தீர்த்தமாடல். ஆபீஸில் சொன்ன காரணம், பாட்டிக்கு சீரியஸ். உண்மையான காரணம், இறால் வறுவல்!

2025 மே கடைசி வெள்ளிக்கிழமை நானும் ஆபீஸ் நண்பனும் ராமேஸ்வரத்துக்கு ரயிலேறிய கதை இதுதான். பாம்பன் புதுப் பாலம் திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கப்பல் வந்தால் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகுமாம். எங்களுக்காக எந்தக் கப்பலும் வரவில்லை.

இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்து, சொட்டச் சொட்ட ஹோட்டலுக்குள் நுழைந்தால், சர்வர் கையை விரித்தார்.

"தடைக்காலம் சார். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வந்துச்சு, காலையிலேயே தீர்ந்துபோச்சு. சிக்கன் சொல்லவா?"

சிக்கன் சாப்பிட ராமேஸ்வரமா! நொந்துபோய்த் துறைமுகம் பக்கம் நடந்தோம். விசைப்படகுகள் வரிசை வரிசையாக நங்கூரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. சில படகுகளைக் கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். சுத்தியல் சத்தம், பெயிண்ட் வாசனை.

"ரெண்டு மாசம் லீவு, கூடவே கவர்மென்ட் பணம் எட்டாயிரம். கொடுத்து வெச்சவங்கடா!" என்றான் நண்பன்.

கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகக் கூடாது. 2001-ல் 45 நாள் தடையாக ஆரம்பித்தது, 2017-லிருந்து 61 நாள். நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் ஸ்டாலின் அதை 8,000 ஆக்கினார்.

எட்டாயிரத்தை 61-ஆல் வகுத்தேன். (அக்கவுன்ட்ஸ் செக்ஷன் ஆசாமி வேறென்ன செய்வான்!) நாளுக்கு 131 ரூபாய் சொச்சம். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் நண்பனின் தினசரிக் கணக்கு அதைவிட ஜாஸ்தி.

படகு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். "எங்கிட்டு இருந்து வாறீக?"

"மெட்ராஸ்ங்க. இந்தத் தடை இல்லேன்னா உங்களுக்கு நல்லாயிருக்கும், இல்லியா?" நண்பன் அனுதாபத்தை அவிழ்த்துவிட்டான்.

"யாரு சொன்னது? தடை வேணும் தம்பி. இழுவை மடி அடிக்கடலை வழிச்சுக்கிட்டு வரும். குஞ்சு குளுவானையும் சேத்து அள்ளிட்டா நாளைக்கு எதைப் பிடிக்கிறது?"

"அப்ப பணம் போதலையா?"

"பணம் கார்டுக்கு, ஆளுக்கு இல்லே. நானும் ரெண்டு பயலுகளும் கடலுக்குப் போறோம். மூணு பேரும் கரையில உக்காந்தா, வர்றது ஒரு எட்டாயிரம். மூத்தவனுக்குக் கல்யாணமாகிக் கார்டைப் பிரிச்சாச்சு. இளையவன் என் கார்டுலதான் கிடக்கான்."

படகின் மேலே பிரஷ்ஷோடு ஒரு தலை எட்டிப்பார்த்தது. "அதுக்குத்தான் எனக்கும் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்கன்னு சொல்றேன். கேட்டாத்தானே!"

நாங்கள் சிரித்தோம். பெரியவர் சிரிக்கவில்லை.

"பொண்ணு பத்தாவது பாஸாயிருச்சு. வர்ற திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குறாக. படகு போறது பதினஞ்சாந்தேதி. நடுவுல ரெண்டு வாரம் இருக்கே..."

"நிவாரணம்?"

"சில வருசம் தடையிலேயே வந்திரும். சில வருசம் எல்லாம் முடிஞ்சப்புறம் அசைஞ்சு அசைஞ்சு வரும். அதுவரைக்கும் வட்டிக்காரர் இருக்கார்ல! பத்தாயிரம் கேட்டா ஒம்பதாயிரம் கையில குடுப்பார்."

எங்கள் ஆபீஸில் டி.ஏ. அரியர்ஸ் பத்து நாள் தள்ளிப்போனால் கேன்டீனில் புரட்சி வெடிக்கும். நண்பன்தான் தளபதி. அவன் இப்போது வலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மழைக்காலத்துக்கு வேறொரு திட்டம் உண்டாம். மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் மத்திய அரசு ஒரு 1,500, மாநில அரசு ஒரு 1,500 போட்டு 4,500-ஆகத் தருகிறார்கள். எங்கள் பி.எஃப். தோற்றது! "அது நல்லாத்தான் இருக்கு" என்று பெரியவரே சர்ட்டிபிகேட் கொடுத்தார்.

பெயிண்ட் வேலையைப் பார்க்க மொபெட்டில் வந்து இறங்கினார் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி. தடைக்காலத்தில்தான் அவருக்கு முழுச் செலவும்: பலகை, பெயிண்ட், இன்ஜின். 2017-ல் வந்த ஆழ்கடல் படகுத் திட்டம் பற்றிக் கேட்டேன்.

"படகு எண்பது லட்சம். அதுல அம்பத்தாறு லட்சம் மத்திய, மாநில அரசு மானியம். பேங்க் லோன் பதினாறு, என் கையில இருந்து எட்டு. இழுவைப் படகை ஒப்படைச்சுரணும்."

"பிரமாதமா இருக்கே!"

"ராத்திரி போய்க் காலையில திரும்புற ஆளு சார் நான். சூரை மீனுக்கு வாரக்கணக்குல ஆழ்கடல்ல கிடக்கணும். ஐஸ், டீசல், ஆள் சம்பளம் எல்லாம் முன்பணம். எட்டு லட்சத்துக்கே அடகு வைக்கப் பொருள் இல்லே."

மூன்று வருஷத்தில் 2,000 படகு என்று போட்ட திட்டம் அது. இலக்கில் சிறு பங்குகூடத் தேறவில்லை. எண்பது லட்சத்தைக் கடலில் இறக்குவது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். எட்டாயிரத்தை ஏப்ரல் 15-ஆம் தேதியே பாங்கில் போடுவதில் என்ன கஷ்டம்? தடை என்றைக்கு ஆரம்பிக்கும் என்பது 2001-லிருந்து தெரிந்த விஷயம்தானே!

கிளம்பும்போது பெரியவரின் மனைவி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நெத்திலிக் கருவாடு. நண்பன் இருநூறு ரூபாயை நீட்டிவிட்டு, "மிச்சம் இருக்கட்டும்மா" என்று பெருந்தன்மை காட்டினான். அந்தம்மா விடவில்லை. சுருக்குப் பையைத் திறந்து நாற்பது ரூபாயை எண்ணி அவன் கையில் வைத்தார்.

"இது யாவாரம் தம்பி, நிவாரணம் இல்லே."

திரும்பும் ரயிலில் எங்களுக்கு ஏக வசதி. பொட்டலத்தை மேலே வைத்த கொஞ்ச நேரத்தில் எதிர் சீட்டு ஆசாமிகள் மூன்று பேரும் டி.டி.ஆரைத் தேடிப் போய்விட்டார்கள். நண்பன் காலை நீட்டிப் படுத்தபடி செல்போனில் என்னமோ தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். தன் சம்பளத்தை 61-ஆல் வகுத்துக்கொண்டிருந்தான்.