எர்த் வயரும் நாற்பது பக்க நோட்டும்



வண்டி நடுவழியில் நின்றுபோனால் எங்கள் அப்பா 'பான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். பிரெஞ்சில் பழுதுக்கு அதுதான் பெயர். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. ஆனால் அப்பா காலத்துப் பான் வேறு, இன்றைய பான் வேறு. அன்றைய காரில் கரண்ட் சமாசாரம் என்றால் பாட்டரி, டைனமோ, செல்ஃப், நாலு விளக்கு, ஒரு ஹாரன். எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரியும். இன்று ஏழு பேர் உட்காரும் குடும்ப வண்டியில் பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, கதவுப் பூட்டுக்கு ஒன்று என்று சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இரண்டு மெல்லிய கம்பிகள் வழியே அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-ல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு அது. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் போதும், எல்லாம் சேர்ந்து முனக ஆரம்பிக்கும். மீட்டர் போர்டில் கார்த்திகை தீபம்தான்.

இப்படி ஒரு கோளாறு வந்தால், பர்ஸைத் திறக்கும் முன் என்ன செய்யலாம் என்று எங்கள் வண்டி சொல்லிக் கொடுத்தது. அதைப் பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது ஒன்பது வயது டீசல் வண்டி. மகன் வாங்கியது, ஓட்டுவதும் அவன்தான். ஆனால் அந்த வண்டியில் முதல் உரிமை என் அக்காவுக்கு. வயது 78. இரண்டு வருடமாக டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். ஆட்டோவில் குனிந்து ஏற முழங்கால் இடம் கொடுக்காது. இந்த வண்டியின் சீட் உயரம் அவருக்குத் தோதாக அமைந்துவிட்டது. கீழே ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டால் கைப்பிடியைப் பிடித்துத் தானே ஏறி உட்கார்ந்துகொள்வார். யாரும் தூக்கிவிடாமல் ஏறுவதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

போன வருடம் ஐப்பசி மழையோடு தொல்லை ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் 'டக், டக்' என்ற சத்தம் மட்டும் வரும். நாலாவது தடவை செல்ஃப் பிடிக்கும். சில நாள் பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் விளக்குகள் ஒன்றாக எரியும். அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறைந்துவிடும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் வைத்துப் பார்த்தார்கள். 'லோ வோல்டேஜ்' என்று வந்தது. பாட்டரியை மாற்றினார்கள். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு பழையபடி டக், டக். மறுபடி கொண்டுபோனால், "மெயின் கம்ப்யூட்டர் போயிருக்கலாம் சார், மாற்றிப் பார்க்கலாம், 48,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். ஆபீசில் இப்படி ஒரே வரியில் இரண்டு 'லாம்' போட்டுக் குறிப்பு எழுதினால் எங்கள் சூப்பிரண்டெண்ட் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

அதே வாரம் வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தேகால் மணி. வெளியே தூறல். வண்டி அடியோடு கிளம்பவில்லை. அக்கா அந்த முக்காலியிலேயே உட்கார்ந்து காத்திருந்தார். எங்கெங்கோ போன் செய்து ஓர் ஆட்டோ பிடித்து, மகனும் நானுமாக அவரைத் தூக்கி ஏற்றி, போய்ச் சேர்ந்தபோது ஆறே முக்கால். அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் காத்திருந்ததால் நாலு மணி நேரச் சிகிச்சையை அன்று மூன்றேகால் மணியோடு நிறுத்தவேண்டியதாயிற்று.

ராத்திரி சாப்பிடும்போது அக்கா சொன்னார்: "தம்பி, வாரத்துக்கு ரெண்டு நாள் போதுமான்னு டாக்டரைக் கேட்டுப் பாரு. புள்ளைக்கும் ஆபீசு இருக்கு, உனக்கும் வயசாவுது."

எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் என்று டாக்டர் சொன்னது, உடம்பில் சேரும் தண்ணீரையும் கழிவையும் கணக்குப் பார்த்து. அதை ஒரு வண்டியின் டக், டக் மாற்றுவதா?

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். தேதி, மணி, கிலோமீட்டர், வண்டி எத்தனை மணி நேரம் நின்றது, மழையா வெயிலா, எந்த விளக்கு எரிந்தது, எத்தனையாவது தடவை ஸ்டார்ட் ஆனது என்று தனித்தனிப் பத்தி. பதிவேடு எழுதியே பென்ஷன் வாங்கியவனுக்கு இது பெரிய காரியமில்லை. எலெக்ட்ரிக்கல் கடையில் ஒரு சின்ன மல்டிமீட்டரும் வாங்கினேன். தினமும் வண்டியை எடுக்கும் முன் பாட்டரியை அளந்து எழுதினேன். நல்ல பாட்டரி ராத்திரி முழுக்க ஓய்வில் இருந்த பிறகு 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்கு இறங்கினால் ஏறக்குறைய காலி என்று அர்த்தம். என்ஜின் ஓடும்போது 14 பக்கத்தில் நின்றால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் கொடுக்கிறது. டயாலிசிஸ் நாட்களுக்கு மட்டும் தெரிந்த டிரைவர் ஒருவரின் வாடகைக் காருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தோம்.

இதற்கிடையில், கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் பேச்சு இதுவாகத்தான் இருந்தது. பார்த்தால் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வண்டியில் ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லையாம். கடைசியில் பானெட்டுக்குள் பார்த்தால் தேங்காய் நாரும் பழந்துணியுமாக எலி ஒரு குடித்தனமே நடத்தியிருக்கிறது. சக்கரத்து சென்சாருக்குப் போகும் வயரைக் கடித்துத் துண்டாக்கியிருந்தது.

தபால் துறையில் இருந்த நண்பர் மூன்று நாள் ஊருக்குப் போய் வந்தால் வண்டி கிளம்பாது. வெளியே கடையில் மாட்டிய கேமராவும் பாட்டுப்பெட்டியும் வண்டி பூட்டியிருக்கும்போதும் அரை ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தன. பூட்டிய வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் சரி. அரை ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர், மூன்று நாளைக்கு 36. வண்டியின் பாட்டரியே 60 என்றால் பாதிக்கு மேல் போயிற்று. டீசல் என்ஜினைச் சுற்ற எங்கே பலம் இருக்கும்? இதை அளக்க வண்டியைப் பூட்டி அரை மணி நேரமாவது காத்திருக்கவேண்டும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் உடனே தூங்காது.

மூன்றாமவர் வண்டி 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலில் மாட்டியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். என்ஜினுக்குத் தண்ணீர் ஏறவில்லை, கார்ப்பெட் மட்டும் நனைந்தது, காய்ந்ததும் எல்லாம் சரி என்றிருந்தார். நாலு மாதம் கழித்துக் கதவுகள் தாமாகப் பூட்டித் திறக்க ஆரம்பித்தன. சீட்டுக்கு அடியில் இருந்த கனெக்டரின் பின்கள் பச்சைப் பாசி பிடித்த மாதிரி ஆகியிருந்தன.

மூன்று வண்டி, மூன்று காரணம். முதலில் சொல்லப்பட்ட மருந்து மட்டும் ஒன்றே: பாட்டரியை மாற்றுங்கள்.

ஆறு வாரத்தில் என் நோட்டில் 11 பதிவுகள் சேர்ந்தன. அதில் ஒன்பது விடியற்காலை, மழையோ பனியோ பெய்த நாள். இரண்டு, மழை விட்ட சாயங்காலம். காய்ந்த மத்தியானத்தில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பதினொரு தடவையும் பாட்டரி 12.5-க்குக் குறையவில்லை. ஓடும்போது 14.1. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, குழாயில் மட்டும் வரவில்லை என்கிற கதை. சர்வீஸ் சென்டருக்கு வண்டி போனதெல்லாம் வெயில் ஏறிய பிறகு. அங்கே அது சாதுவாக நின்றதில் வியப்பில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். அறுபதைத் தாண்டியவர். என்னைப் போன்ற பழைய ஆட்களை இன்னும் 'முசே' என்றுதான் கூப்பிடுவார். நின்ற இடத்திலேயே இரண்டு பக்கத்தையும் முழுதாகப் படித்தார். "முசே, பாட்டரி மேல குத்தமில்ல. போன கரண்டு திரும்பி வர்ற வழியில ஏதோ அடைப்பு. வண்டிய ராத்திரி வெளியிலயே வுட்டுடுங்க, காலையில ஆறு மணிக்கு நானே வரேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ்விலும் இன்னொன்றை என்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு மகனை செல்ஃப் அடிக்கச் சொன்னார். மீட்டர் 2.3 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாதாம். அடுத்து, பாட்டரி இறங்கினால் பக்கத்து வண்டியிலிருந்து கரண்ட் எடுக்க வைத்திருப்போமே அந்தக் கறுப்பு கேபிள், அதை நெகட்டிவ்விலிருந்து நேராக என்ஜினுக்கு மாட்டினார். "இப்ப அடி தம்பி" என்றார். ஒரே அழுத்தில் வண்டி கிளம்பியது.

இதன் சூட்சுமம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பாட்டரியின் பாசிட்டிவ்விலிருந்து புறப்படும் கரண்ட் வேலையை முடித்துக்கொண்டு நெகட்டிவ்வுக்குத் திரும்பவேண்டும். காரில் திரும்பும் வழி பெரும்பாலும் வண்டியின் உடம்பு இரும்பேதான். என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் உடம்பையும் ஒரு பட்டை வயரால் இணைத்திருப்பார்கள். தமிழில் வீட்டுக்கும் வண்டிக்கும் எர்த் என்றே சொல்கிறோம். பிரெஞ்சில் வீட்டுக்கு 'தேர்', அதாவது மண், வண்டிக்கு 'மாஸ்'. தேருக்குத் 'தேர்' கிடையாது என்று வகுப்பில் நாங்கள் சிரித்தது ஞாபகம் வருகிறது. காரில் இருக்கும் ஈயப் பாட்டரியை 1859-ல் கண்டுபிடித்த பிளாந்தேயும் பிரெஞ்சுக்காரர்தான். அந்தப் பாடமும் இருந்தது.

டீசல் வண்டியின் செல்ஃப் சுலபமாக 200 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே, பெருக்கிப் பாருங்கள், 2 வோல்ட் அங்கேயே போய்விடும். காலைக் குளிரில் ஆயில் கெட்டியாக இருப்பதால் செல்ஃப் இன்னும் அதிகம் இழுக்கும், இழப்பும் கூடும். பாட்டரி புதிதாக இருந்தபோது தன் பலத்தால் இரண்டு வாரம் சமாளித்தது. ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. வோல்டேஜ் குறைகிறது என்றது உண்மை. எங்கே குறைகிறது என்பதைத்தான் மனிதன் தேடவேண்டியிருந்தது.

வண்டிக்கு அடியில் படுத்து அந்தப் பட்டையைக் கழற்றி வந்தார். போல்ட் உட்காரும் இடம் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கடல் அரை கிலோமீட்டர். ஒன்பது வருட உப்புக்காற்று. உப்புத்தாள் வைத்து இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார். உப்பு கெடுத்ததை உப்புத்தாள் சரிசெய்தது. புதுப் பட்டை போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். மறுபடி அளந்தபோது 0.2 வோல்ட். கூலியும் சாமானும் சேர்த்து 650 ரூபாய்.

நம் ஊர் கடலோர ஊர். வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் பாட்டரிக்கோ கம்ப்யூட்டருக்கோ பணம் கட்டும் முன் இந்த எர்த் சோதனையைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன், எர்த் போல்ட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பாட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ்வை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டவேண்டும். என்ஜின் மேல் வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கோளாறு வந்த நேரத்தையும் வானிலையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வந்து வந்து போகும் வியாதிக்கு அதுதான் வைத்தியருக்குக் கொடுக்கும் நாடி.

மார்கழி போய், தை, மாசிப் பனியும் போயிற்று. அக்கா வாரம் மூன்று நாளும் போய் வருகிறார். நோட்டில் பன்னிரண்டாவது வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வண்டி கிளம்பிய சத்தம் கேட்டதும், சீட்டில் உட்கார்ந்தபடி கேட்கத் தவறுவதில்லை: "தம்பி, இன்னைக்கு நல்லா கிளம்புச்சுன்னு எழுதிக்கோ."

நல்லபடியாகக் கிளம்பியதை எழுத நான் பத்தி போடவில்லை. இப்போது ஒன்று போட்டிருக்கிறேன்.