கணக்கில் வராத சுமை

குன்னத்துகாலை ஒட்டிய காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2002ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு டாக்டர் சோமர்வெல்லின் பெயர். ரப்பரும் மரச்சீனியும் விளையும் இந்த எல்லை ஊர்களுக்கு இமயமலையோடு ஒரு சம்பந்தம் உண்டென்றால் அது இவரால்தான். 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர். முதல் பயணம் முடிந்து தெற்கே சுற்றிப்பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு அங்கேயே வேலைக்கு வந்து சேர்ந்தார். 1924ல் ஆக்சிஜன் உருளை இல்லாமல் சுமார் 8,500 மீட்டர் வரை ஏறியிருக்கிறார். இதையெல்லாம் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 1922ல் பனிச்சரிவில் சிக்கி இறந்த 7 சுமைதூக்கிகளைப் பற்றி பேச்சு வருவது அபூர்வம். சோமர்வெல்லுக்கு அந்த உறுத்தல் இருந்தது. இறந்தவர்களோடு ஆங்கிலேயர் ஒருவரும் போகவில்லையே என்று வெட்கப்பட்டு எழுதியவர் அவர்.

அந்த 7 பேரை மனதில் வைத்துக்கொண்டுதான் அம்பூரி மலைக்குப் போனேன். பார்க்க நினைத்தது மலைப் பழங்குடிகளான காணிக்காரர்கள் ஈற்றை வெட்டிச் சுமந்து வந்து பின்னும் வேலையை.

காரக்கோணம், வெள்ளறடை, பனச்சமூடு, அம்பூரி என்று பஸ் மாறிப் போக வேண்டும். பனச்சமூட்டுக் கடைத்தெருவில் நாலு எட்டு வைத்தால் மாநிலம் மாறிவிடும். 1956ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போன கதை இங்கே இரண்டு மொழியிலும் ஓடுகிறது. அம்பூரியைத் தாண்டினால் கும்பிச்சல் கடவு. அதற்கு அந்தப் பக்கம் புரவிமலை, தென்மலை, கரிக்குழி என்று காணிக் குடியிருப்புகள். 1958ல் நெய்யாறு அணை வந்தபோது தேங்கிய தண்ணீர் இவர்களைக் கரையிலிருந்து வெட்டிவிட்டது. நான் போனபோது பாலத்துக்குத் தூண்கள்தான் எழும்பியிருந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ரேஷன் அரிசியும் ஆடும் படகில்தான் அக்கரை போனார்கள். இந்தக் காட்டின் அகத்தியமலை 1,868 மீட்டர். இமயத்துக்கு முன்னால் அது ஒரு மேடு. ஆனால் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவருக்கு மீட்டர் கணக்கு என்ன செய்யும்?

படகிலிருந்து இறங்கி ஏற்றம். என்னைக் கூட்டிப்போன அண்ணன் மெலிந்த மனிதர், ரப்பர் வெட்டுகிறவர். விடியற்காலையில் பால் எடுத்துவிட்டு வந்திருந்தார். ஈற்றங்காடு ஓடைக்கரையில் இருக்கிறது. ஈற்றையை மூங்கிலின் தம்பி என்று சொல்லலாம். சுவர் மெல்லியது, கணுவுக்குக் கணு ஒரு முழத்துக்கு மேல் நீளம். அந்த நீளம்தான் பின்னுகிறவருக்கு வேண்டியது. எல்லாவற்றையும் வெட்டுவதில்லை. இந்த வருஷத்துக் குருத்தைத் தொடமாட்டார்கள், பிளந்தால் நைந்துபோகும். முற்றியது வளைக்கும்போது ஒடியும். நடுத்தரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்றேன். வெட்டுகத்தியின் முதுகால் இரண்டு தண்டுகளைத் தட்டிக் காட்டினார். எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அரிக்காது என்பதும் அவர்கள் கணக்கு. தண்டில் மாவுச்சத்து அதிகமாக இருந்தால் துளைக்கும் வண்டு தேடி வரும் என்று தாவரவியல்காரர்கள் சொல்கிறார்கள். நிலவுக்கும் மாவுச்சத்துக்கும் உறவு உண்டா என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. பூத்துவிட்டால் புதர் முழுக்கப் பட்டுப்போகும். அப்புறம் விதை முளைத்து வரும்வரை வேறு காடு தேட வேண்டும்.

வெட்டிய ஈற்றைக் கட்டை அவர் தலையில் ஏற்றியதும் என்னால் பின்தொடர முடியவில்லை. கட்டின் முன்னும் பின்னும் ஆறேழு முழம் நீண்டு நிற்கும், வளைவில் மரத்தில் இடிக்கும். ஒரு கையால் அதைத் திருப்பிக்கொண்டே வழுக்குப்பாறையில் கால் வைத்துப் போகிறார். 1987ல் இதே அகத்தியமலைக் காட்டில் ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகளும் என்னைப்போல மூச்சிரைத்திருக்கிறார்கள். வழிகாட்ட வந்த காணிகள் ஏதோ பழத்தைக் கடித்துக்கொண்டு களைப்பில்லாமல் நடப்பதைக் கண்டு விசாரித்ததில் வெளியே தெரிந்ததுதான் ஆரோக்கியப்பச்சை. பிறகு அது 'ஜீவனி' என்ற மருந்தானது. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஒப்புக்கொண்டு 1997ல் அறக்கட்டளை வைத்தார்கள். உலகெங்கும் முன்மாதிரி என்று பேசப்பட்ட ஏற்பாடு. சுமந்து நடப்பதிலிருந்து பிறந்த அறிவுக்கு ஒருமுறை விலை கிடைத்தது என்பதால் எனக்கு இந்தக் கதை பிடிக்கும். சுமப்பதற்கு அப்படி ஒரு ஏற்பாடு இன்னும் வரவில்லை.

வீட்டு முற்றத்தில் அவருடைய அம்மா காத்திருந்தார். தண்டை நாலாகப் பிளந்து, கால் பெருவிரலில் ஒரு முனையைக் கவ்விக்கொண்டு, கத்தியை அசைக்காமல் ஈற்றையை இழுக்கிறார். பச்சைத்தோல் ஒரு கீற்றாகவும் உள்சதை ஒரு கீற்றாகவும் பிரிந்து வருகிறது. கத்தி நடந்தால் கீற்று தடிமன் மாறும், ஈற்றை நடக்க வேண்டும். தோல் கீற்று கூடைக்கும் முறத்துக்கும், உள்கீற்று பாய்க்கு. பேசிக்கொண்டே பின்னினார், விரலைப் பார்க்கவில்லை. விளிம்பு கட்டும்போது மட்டும் பேச்சு நின்றது. முடிந்த முறத்தை அடுப்புக்கு மேலே பரணில் போடுகிறார்கள், புகை பட்டால் உளுக்காது.

"எது பாட்டி பாடு, வெட்டுறதா பின்னுறதா?" என்றேன்.

"ரெண்டும் பாடில்ல மக்களே. கொண்டு வாறதும் கொண்டு போறதுமாக்கும் பாடு."

கடவு தாண்டி, ஜீப்புக்குக் காசு கொடுத்து அம்பூரிக் கடையில் சேர்த்தால் கடைக்காரர் முறத்தைத் தட்டிப் பார்ப்பார், பின்னல் நெருக்கம் பார்ப்பார், பக்கத்தில் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் முறத்தையும் பார்ப்பார். விலை அந்த மூன்றாவது பார்வையில் முடிவாகிறது. காட்டிலிருந்து முற்றத்துக்கும் முற்றத்திலிருந்து கடவுக்கும் நடந்த நடை யார் கணக்கிலும் இல்லை. 2006ன் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளில் சேர்த்து, சேகரிக்கவும் விற்கவும் உரிமை தந்திருக்கிறது. நல்ல சட்டம். தலைச்சுமைக்குக் கூலி சொல்ல அதில் இடமில்லை. அதனால் ஆண்கள் ரப்பருக்கும் அரசின் வேலையுறுதித் திட்ட வேலைக்கும் போகிறார்கள். ஈற்றை வேலை மழைக்காலத்துக்கும் பாட்டிகளுக்கும் என்று ஒதுங்கிவிட்டது.

நான் எடுத்த முறத்துக்குக் கேட்டதைவிடக் கூடுதலாக நீட்டினேன். பாட்டி மிச்சத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க இன்னைக்கு வந்தீங்க. கடைக்காரன் மாசாமாசம் எடுக்கிறவன். அவனுக்குத் தெரிஞ்சா எனக்க காரியம் என்னவாகும்?"

பேத்தி வெள்ளறடையில் பிளஸ் டூ படிக்கிறாள். பின்னத் தெரியுமா என்று அவளைக் கேட்டேன்.

"தெரியும். ஒரு முறத்துக்கு எத்தனை மணிக்கூர் ஆகும்னும் தெரியும்" என்று சொல்லிவிட்டு, படகுக்கு நேரமாகிறது என்று என்னை எழுப்பினாள்.