நான்கு நூல், ஒரு வரிசை

ஓவர்லாக் மெஷினின் முன்மூடியை முதல்தடவை திறந்து பார்ப்பவர்களில் பலர் அதை உடனே மூடிவிடுகிறார்கள். உள்ளே வளைந்த இரும்புக் கைகள், கத்திகள், கொக்கிகள், துளைகள், வழிநெடுகச் சிவப்பும் பச்சையுமாய்ப் புள்ளிகள். கடைக்காரர் கோத்துக் கொடுத்த நூல் இருக்கிறவரை தைக்கிறார்கள். அது அறுந்த அன்று மெஷின் அட்டைப்பெட்டிக்குள் திரும்பிப் போகிறது. அப்படிப் பரண் ஏறிய மெஷின்களை உறவிலும் அக்கம்பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் கேட்பதில்லை. நல்ல மெஷின், நல்ல காசு, தைக்கத் தெரிந்த கை, எல்லாம் இருந்தும் நான்கு நூலைக் கோக்கும் வரிசை தெரியாததால் வேலை நின்றுபோகிறது.

ஓவர்லாக் செய்யும் வேலையைச் சாதாரணத் தையல் மெஷினால் செய்ய முடியாது. துணியின் ஓரத்தைக் கத்தியால் சீராக வெட்டும், வெட்டிய ஓரத்தைப் பிசிறு போகாமல் நூலால் சுற்றும், இரண்டு துணியைச் சேர்த்தும் தைக்கும். மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். சுடிதாரின் உள்பக்கம் துவைக்கத் துவைக்க நூல் நூலாய்ப் பிரிவதை இது தடுக்கும். பனியன் துணியில் இதன் அருமை இன்னும் கூடுதல். சாதாரணத் தையல் போட்ட பனியனைத் தலைவழியே இழுத்து மாட்டினால் தையல் பட்டென்று அறும். ஓவர்லாக் தையல் துணியோடு சேர்ந்து நீண்டு, துணியோடு சேர்ந்து சுருங்கும்.

அதற்குக் காரணம் அதன் பிறப்பிடம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மெரோ குடும்பத்தார் 1838இல் ஒரு பின்னலாடை ஆலை தொடங்கினார்கள். பின்னல் துணியின் ஓரத்தை என்ன செய்வது என்ற அன்றாடத் தொல்லைக்குத் தாங்களே மெஷின் செய்து பார்த்தார்கள். முதலில் வந்தது ஓரத்தில் கொக்கிப்பின்னல் போடும் மெஷின். அந்த வழியில் வளர்ந்த ஓவர்லாக்குக்கு ஜோசப் மெரோ 1889இல் காப்புரிமை வாங்கினார். ஆகவே இது பின்னல் துணிக்கென்றே பிறந்த மெஷின். திருப்பூரின் பனியன் கம்பெனி வாசல்களில் 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை' என்று பலகை தொங்குவதற்கும் இதுதான் மூலம். மேசைமேல் வைக்கிற சிறிய வீட்டு ஓவர்லாக்கை 1960களில் ஜப்பானியர்கள் செய்தார்கள்.

எனக்கு இந்த மெஷினைக் கற்றுக்கொடுத்தவர் என் சின்னம்மா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தவர். கம்பெனி மெஷின் நிமிடத்துக்கு 6,000 தையலுக்கு மேல் ஓடும். வீட்டு மெஷின் 1,300, மிஞ்சினால் 1,500. அந்த வேகத்துக்குப் பழகிய அவர், என் மெஷினைத் தொட்டதும் முதலில் செய்த காரியம் கோத்திருந்த நூல் அத்தனையையும் உருவிப் போட்டதுதான். மறுபடி நூலைத் தொடவும் விடவில்லை. ஊசியைக் கடைசியாகத்தான் கோக்க வேண்டும் என்று சொல்லி, மூடியைத் திறந்து வைத்து, சக்கரத்தை என் பக்கமாக மெல்லச் சுற்றச் சொன்னார்.

"சின்னம்மா, எதுக்குங்க ஊசியக் கடைசியாக் கோக்கோணும்?"

"நாஞ் சொல்லி என்னத்துக்கு அம்மிணி? அந்தக் கை ரெண்டும் எப்படிப் போகுது, வருதுன்னு நீயே பாரு. கண்ணுல பாத்துட்டீன்னா ஆயுசுக்கும் மறக்காது."

அன்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சின்னம்மா சொன்ன அந்த இரண்டு கைகளுக்கு மேல் லூப்பர், கீழ் லூப்பர் என்று பெயர். இந்த மெஷினில் பாபின் கிடையாது. எல்லா நூலும் பின்னால் நிற்கும் கோன்களிலிருந்தே வருகின்றன. ஊசி துணியைக் குத்திக் கீழே போய் மேலே திரும்பும்போது, அதன் முதுகுப்பக்கம் நூல் ஒரு சிறு வளையமாகப் பிதுங்கும். அந்த நேரம் பார்த்து இடப்பக்கமிருந்து கீழ் லூப்பர் வந்து, தன் நூலோடு வளையத்துக்குள் நுழைந்து வலப்பக்கம் போகும். வலப்பக்கம் மேல் லூப்பர் காத்திருக்கும். அது கீழ் லூப்பர் கொண்டுவந்த நூலைப் பிடித்துக்கொண்டு, துணியின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறி இடப்பக்கம் சாயும். அடுத்து ஊசி இறங்குவது அந்த மேல் லூப்பர் நூலுக்குள். ஊசி கீழ் லூப்பருக்குக் கொடுக்க, கீழ் லூப்பர் மேல் லூப்பருக்குக் கொடுக்க, மேல் லூப்பர் ஊசியிடமே திருப்பிக் கொடுக்கிறது. கும்மியடிக்கும் பெண்கள் கை மாற்றுவதைப்போல ஒருவர் தவறினாலும் சுற்று நின்றுபோகும்.

இதைப் பார்த்துவிட்டால் கோக்கும் வரிசைக்கு மனப்பாடம் வேண்டாம். முதலில் மேல் லூப்பர், இரண்டாவது கீழ் லூப்பர், மூன்றாவது வலது ஊசி, கடைசியில் இடது ஊசி. பெரும்பாலான வீட்டு மெஷின்களுக்கு இதுதான் வரிசை. ஊசியை முன்னாலேயே கோத்துவிட்டால் அதன் நூல் பிளேட்டுக்குக் கீழே இறங்கிக் கீழ் லூப்பரின் மேல் கிடக்கும். அதற்குப் பிறகு கீழ் லூப்பரைக் கோத்தால் அதன் நூல் ஊசி நூலோடு சிக்கிக்கொள்ளும். தைக்கத் தொடங்கி நாலைந்து தையலுக்குள் பட்டென்று அறும். மறுபடி கோத்தால் மறுபடி அறும். மெஷின் பழுது என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். மெஷினில் ஒரு குறையும் இருக்காது. கீழ் லூப்பர் நூல் அறுந்தால் இரண்டு ஊசியிலிருந்தும் நூலை உருவி வெளியே எடுத்துவிட்டுக் கீழ் லூப்பரைக் கோத்து, பிறகு ஊசிகளைக் கோக்க வேண்டும். இந்த ஒன்று தெரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடும் தேவை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கோப்பதற்குமுன் மெஷினை வைக்கிற இடத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆறேழு கிலோ எடைதான் என்பதால் ஆடுகிற மேசையில் வைத்தால் அதிர்ந்து நகரும். கனமான மேசை வேண்டும், அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டால் சத்தமும் குறையும். அமெரிக்காவில் இருக்கும் மகளோ தங்கையோ வாங்கிவந்து தந்த மெஷின் என்றால், பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்ட் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் பிளக்கைச் செருகவே கூடாது. அந்த ஊர் மின்சாரம் 120 வோல்ட், நம் வீட்டில் வருவது 230. வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் போட்டால் மோட்டார் எரிந்துவிடும்.

பின்னால் இருக்கும் நூல் கம்பத்தை முழு உயரத்துக்கும் இழுத்துவிட வேண்டும். பாதி உயரத்தில் விட்டால் நூல் கோனிலிருந்து சீராகக் கழன்று வராமல் விட்டுவிட்டு இழுபடும். அதன்மேல் இருக்கும் கொக்கிகள் அந்தந்தக் கோனுக்கு நேர்மேலே நிற்க வேண்டும். வழுக்குகிற நூல் என்றால் கோனுக்கு வலை மாட்ட வேண்டும். பிறகு ஃபுட்டைத் தூக்கி வைக்க வேண்டும். பெரும்பாலான மெஷின்களில் ஃபுட்டைத் தூக்கினால்தான் டென்ஷன் தட்டுகள் விரியும், நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காரும். உட்காராத நூல் எவ்வளவு டென்ஷன் வைத்தாலும் தளர்ந்தே வரும், தையல் முழுக்க வளையம் வளையமாய்த் தொங்கும். ஒவ்வொரு நூலையும் தட்டுக்கு மேலும் கீழும் இரண்டு கையால் பிடித்து லேசாக இழுத்துப் பார்க்கச் சொன்னார் சின்னம்மா. ஃபுட்டை இறக்கிவிட்டு நூலை இழுத்தால் விரலுக்கு ஒரு பிடிமானம் தெரியும். அது தெரியாவிட்டால் நூல் தட்டுக்குள் போகவில்லை.

கீழ் லூப்பர்தான் கோப்பதற்குக் கடினம். அதன் துளைகள் இடப்பக்கம் ஒதுங்கிய மூலையில் இருக்கும், விரல் போகாது. சக்கரத்தைச் சுற்றி லூப்பரை வலப்பக்கம் கொண்டுவந்து, சாமணத்தால் நூலைப் பிடித்துச் செலுத்த வேண்டும். நூல் நுனியைச் சாய்வாக வெட்டிக்கொண்டால் துளையில் எளிதாய் நுழையும். மெஷினில் இருக்கும் நிறப் புள்ளிகள் வழி காட்டும், ஆனால் எந்த நூலுக்கு எந்த நிறம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் அடுத்த வீட்டு அக்காவின் மெஷினைப் பார்த்து நிறத்தைப் பழகாதீர்கள், உங்கள் மெஷினுக்குள் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். காற்றை ஊதி லூப்பருக்குள் நூலைச் செலுத்தும் மெஷின்கள் 1990களிலேயே வந்துவிட்டன. அவற்றில் வரிசைக் கவலை கிடையாது. வசதி இருப்பவர்கள் வாங்கட்டும். மற்றவர்களுக்கு ஒரு சாமணமும் கொஞ்சம் பொறுமையும் போதும் என்பதே என் அனுபவம்.

ஊசிகளைப் பற்றி ஒன்று. இரண்டு ஊசியும் ஒரே மட்டத்தில் நிற்காது. இடது ஊசி வலது ஊசியைவிடச் சற்று மேலே நிற்கும். சரியாக ஏறவில்லை என்று நினைத்துக் கீழே இழுத்து முடுக்கிவிட்டால் லூப்பரில் இடித்து ஊசி முறியும். இரண்டையும் முட்டும்வரை மேலே தள்ளி, தட்டைப் பக்கம் பின்னால் பார்க்கும்படி வைத்துத் திருகை முடுக்கினால் சரியாக நிற்கும்.

எல்லாம் கோத்தபின் நான்கு நூல் நுனியையும் சேர்த்து ஃபுட்டுக்கு அடியில் பின்பக்கமாக விட்டு, முதல் சில தையலைக் கையால் சக்கரம் சுற்றியே போட வேண்டும். துணி இல்லாமலே பின்னால் ஒரு சங்கிலி பின்னிக்கொண்டு வரும். விரல் நீளத்துக்குச் சங்கிலி சீராக வந்தால் கோத்தது சரி. அதன்பிறகு துணியை வைக்கலாம்.

டென்ஷன் பழகுவதற்குச் சின்னம்மா சொன்ன உபாயத்தை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. நான்கு கோனும் நான்கு நிறத்தில் போடுங்கள். வெள்ளைத் துணியில் தைத்துப் பார்த்தால் எந்த நூல் தவறுகிறது என்று உடனே தெரியும். மேல் லூப்பர் நூலும் கீழ் லூப்பர் நூலும் துணியின் விளிம்பில் சரியாகக் கைகோக்க வேண்டும். மேல் நூல் விளிம்பைத் தாண்டி அடிப்பக்கம் இறங்கினால் அது தளர்வாக இருக்கிறது, அல்லது கீழ் நூல் அதை இழுக்கிறது. கீழ் நூல் மேலே ஏறி எட்டிப்பார்த்தால் அதற்கு நேர்மாறு. ஊசி நூல் அடிப்பக்கம் தொள தொளவென்று தெரிந்தால் அந்த ஊசியின் டென்ஷனைக் கூட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு டயலை மட்டும் திருப்புங்கள். இரண்டைச் சேர்த்துத் திருப்பினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

பனியன் துணியின் ஓரம் அலை அலையாய் நீண்டால் அதற்கு டென்ஷன் காரணம் அல்ல. ஃபுட்டுக்கு அடியில் துணியை நகர்த்தும் பல் இரண்டு வரிசையாக இருக்கும். முன்வரிசையைப் பின்வரிசையைவிட வேகமாக நகர வைக்க ஒரு டயல் உண்டு. அதை 1இலிருந்து 1.5 பக்கம் நகர்த்தினால் அலை அடங்கும். துப்பட்டா ஓரத்துக்கு மெல்லிய சுருட்டுத் தையல் போடுவதற்கும் இதே மெஷின் போதும். ஒரு ஊசியைக் கழற்றிவிட்டு அகலத்தைக் குறைக்க வேண்டும். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இரண்டு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். குண்டூசி குத்திய துணியை ஓவர்லாக்கில் விடவே கூடாது. கத்தியில் குண்டூசி மாட்டினால் கத்தியின் வாய் போய்விடும், தெறிக்கிற துண்டு கண்ணில் படவும் கூடும். துணியைச் சேர்த்துப் பிடிக்கக் கிளிப் போடுங்கள். இன்னொன்று நூல் செலவு. ஒரு செ.மீ. நீளம் சாதாரணத் தையலுக்குச் சுமார் 2.5 செ.மீ. நூல் போதும். மூன்று நூல் ஓவர்லாக்குக்கு ஏறத்தாழ 14 செ.மீ. வேண்டும். சின்ன நூல்கண்டு வாங்கிக் கட்டுப்படியாகாது, கோனாகத்தான் வாங்க வேண்டும். மட்டமான நூல் வாங்கினால் பிசிறு லூப்பரெல்லாம் அடையும். தைத்து முடித்ததும் பிரஷ்ஷால் அந்தப் பஞ்சைத் தட்டிவிடுகிற வழக்கம் வேண்டும்.

புதுக் கோனின் நூலைப் பழைய நூல் நுனியோடு முடிச்சுப் போட்டு இழுத்துக்கொள்ளும் வழி எல்லாருக்கும் தெரியும். நானும் நிறம் மாற்றும்போது அப்படித்தான் செய்கிறேன். நேரம் மிச்சமாகும். ஆனால் அதை மட்டுமே கற்றுக்கொண்டவர்கள் நூல் நடுவில் அறுந்தால் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டியதுதான். முடிச்சு என்பது கோக்கத் தெரிந்தவர்களுக்கான சௌகரியம்.

நான் பார்த்த தையல் வகுப்புகளில் ரவிக்கை வெட்டவும் சாதாரண மெஷினில் தைக்கவும் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஓவர்லாக் ஒரு மூலையில் இருக்கும், ஆசிரியை மட்டும் தொடுவார், நூல் அறுந்தால் மெக்கானிக் வருவார். அங்கே படிக்கிற பெண்களில் பலர் நாளை பனியன் கம்பெனிக்குப் போவார்கள், இல்லையென்றால் வீட்டிலேயே கடை போடுவார்கள். இரண்டுக்கும் ஓவர்லாக் வேண்டும். வகுப்பு நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அந்த மெஷினின் மூடியைத் திறந்து வையுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி லூப்பர்களின் போக்கைக் காட்டுங்கள். ஒவ்வொரு பெண்ணும் நான்கு நூலையும் உருவிவிட்டுத் தானே கோத்து, சங்கிலி பின்னிக் காட்டிய பிறகே சான்றிதழ் கொடுங்கள்.