கைதட்டலும் வோட்டும்

எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குக் கட்டபொம்மன் நாடகம் போடுவதென்று தீர்மானமாயிற்று. தீர்மானம் செய்தவர் தலைமை ஆசிரியர், கஷ்டப்படுகிறவன் நான். கதாநாயகனாக ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பொறுக்கி எடுத்தேன். தமிழ்ப் பரீட்சையில் அவன் வாங்கும் மார்க்கை இங்கே சொல்லாமல் விடுவதே அவனுக்கும் எனக்கும் மரியாதை. ஆனால் தொண்டை இருக்கிறதே, அது வெண்கலத் தொண்டை! முதல் நாள் ஒத்திகையில் அவன் கூனிக் குறுகி நிற்பதைப் பார்த்துவிட்டு, "சிவாஜி மாதிரி நிமிர்ந்து நில்லடா!" என்றேன்.

பையன் வெகு பவ்யமாக, "எந்தச் சிவாஜி ஸார்? ரஜினி படமா?" என்று கேட்டான்.

தஞ்சாவூர் ஜில்லாவில், திருவையாற்றுக்குப் பக்கத்தில், ஒரு பையன் கேட்கிற கேள்வியா இது? அவன்மேல் கோபித்துப் பயனில்லை. ஸ்ரீ சிவாஜி கணேசன் அவர்கள் காலமானது 2001-ம் வருஷம் ஜூலை 21-ந் தேதி. அப்போது இவன் பிறக்கவேயில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தகப்பனாரின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா ஒரு ரைஸ் மில்லில் கணக்குப் பிள்ளை. நெல் மூட்டைக் கணக்கில் ஒரு படி தவறினாலும் இரவெல்லாம் விழித்திருப்பார். அப்படிப்பட்டவர் கணக்குப் பார்க்காமல் செலவு செய்த விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது சிவாஜி படம். எனக்குப் புராணக் கதை சொல்வது போலச் சிவாஜியின் சரித்திரத்தைச் சொல்வார். தந்தை சின்னையா மன்றாயர் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1928-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி விழுப்புரத்தில் பிள்ளை பிறந்தது. சிறு பையனாக யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, முதலில் போட்ட வேஷம் சீதை. வசனத்தைப் பாடம் பண்ணுவது, பாடுவது, ஆடுவது, ஸ்திரீ பார்ட் கட்டுவது, தன் முறை வரும்வரையில் திரைக்குப் பின்னால் காத்திருப்பது, எல்லாவற்றையும் அந்தக் கம்பெனிகள்தான் கற்றுக் கொடுத்தன. அண்ணாதுரை அவர்கள் எழுதிய நாடகத்தில் மராட்டிய வீரராக வந்த வி. சி. கணேசனுக்குப் பெரியார் அவர்கள் 'சிவாஜி' என்ற பெயரைச் சூட்டினார். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத அந்தப் பிள்ளை 1952-ம் வருஷம் தீபாவளிக்கு 'பராசக்தி'யில் பேசிய தமிழைக் கேட்டு, படித்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். "உங்கள் சர்வகலாசாலை எத்தனை பேருக்கு அப்படிப் பேசக் கற்றுக் கொடுத்திருக்கிறது, சொல்லு பார்ப்போம்?" என்று பிற்காலத்தில் அப்பா என்னைக் கேட்டதுண்டு. பட்டம் பெற்ற நான் பேசாமலிருப்பேன்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது தஞ்சாவூரில் 'தில்லானா மோகனாம்பாள்' மறுபடியும் வந்தது. 1968-ல் வெளியான படம். அப்பா என்னை அழைத்துப் போனார். எங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் கோயில் நாயனக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். திரையில் சிக்கல் சண்முகசுந்தரம் வாசிக்க ஆரம்பித்ததும் அந்தக் கிழவரின் விரல்கள் முழங்காலின்மேல் தாமாக அசையத் தொடங்கின. படம் முடிந்து வெளியே வரும்போது, "வாசித்தது மதுரைச் சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் மூச்சுப் பிடித்தது இவர். நான் பார்த்தேனே, ஒரு இடத்திலும் தப்பவில்லை!" என்றார். அப்பாவுக்குத் தமக்கே பட்டம் கிடைத்தது போலச் சந்தோஷம்.

பிறகு 1989-ம் வருஷம் வந்தது. சிவாஜி தாமே ஒரு கட்சி ஆரம்பித்து, சட்டசபைத் தேர்தலில் எங்கள் திருவையாறு தொகுதியில் நின்றார். தஞ்சையை அடுத்த சூரக்கோட்டையில் வீடும் வயலும் உள்ளவர், ஏற்கனவே ராஜ்ய சபையில் அங்கத்தினராக இருந்தவர், நம்மூர் மனிதர். அவரைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தைச் சொல்லி முடியாது. பொங்கல் கழிந்த சமயம். அறுவடையை விட்டுவிட்டுக் கூட ஜனங்கள் ஓடி வந்தார்கள். நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டபொம்மன் வசனம் சொல்லும்படி யாரோ பின்னாலிருந்து கூவினார்கள். ஜனவரி 21-ந் தேதி வோட்டுப் பதிவு நடந்தது. சிவாஜி தோற்றுப் போனார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அப்பா ஸினிமாவுக்கே போகவில்லை. தலைவர் தோற்ற துக்கம் என்று நாங்கள் நினைத்தோம். 1992-ல் 'தேவர் மகன்' வந்தபோது அம்மாதான் வற்புறுத்தி அனுப்பினாள். பெரிய தேவர் இறக்கும் கட்டத்தில் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

உண்மை வெளிவந்தது 2001-ல், சிவாஜி மறைந்த அன்று இரவு. டெலிவிஷனை நிறுத்திவிட்டு வெகு நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தம்பி, அவருக்கு நான் வோட்டுப் போடவில்லை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அன்றைக்கு நாயனக்காரர் சொன்னாரே, அதுதான் மனத்திலே ஓடிற்று. ஸினிமாவில் வேறொருவர் வாசிக்க இவர் விரலை அசைக்கலாம். சட்டசபையில் அது நடக்குமா? ஆற்றில் தண்ணீர் வரவேண்டும், நெல்லுக்கு விலை வரவேண்டும். அதற்கு வேறு ஆள் வேண்டும் என்று பட்டது. முத்திரையை வேறிடத்தில் குத்திவிட்டேன்."

"அதிலென்ன தப்பு, அப்பா?"

"தப்பில்லை. ஆனால் நான் ஒருவன் போடாவிட்டால் என்ன, அவர் எப்படியும் ஜயித்துவிடுவார் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படியே நினைத்திருக்கிறார்கள்!"

நேயர்களே! இந்த வார்த்தையை நான் வெகு நாள் யோசித்திருக்கிறேன். இங்கிலாந்தில் நாடக மேடையிலும் ஸினிமாவிலும் கீர்த்தி பெற்ற ஸர் லாரன்ஸ் ஒலிவியருக்கு 1970-ல் பிரபுப் பட்டம் கொடுத்துப் பிரபுக்கள் சபையில் உட்கார வைத்தார்கள். யாரிடமும் போய் அவர் வோட்டுக் கேட்க நேரவில்லை. சிவாஜிக்கும் கௌரவத்தில் குறைவில்லை. 1960-ல் கெய்ரோ விழாவில் கட்டபொம்மனுக்காகச் சிறந்த நடிகர் பரிசு; 1995-ல் பிரான்ஸ் தேசத்தின் செவாலியே விருது; 1996-ம் ஆண்டுக்குரிய தாதா ஸாஹேப் பால்கே விருது. இவ்வளவுக்கும் நடுவில் சொந்த ஜில்லாவில் ஒரு தோல்வி.

அப்பா வோட்டுப் போட்ட விதம் சரி என்றே இன்றும் சொல்வேன். கலைக்காக வோட்டைக் கொடுத்தால் அது பிரஜைக்கு அழகல்ல. ஆனால் வோட்டுக் கொடுக்காததால் கலைஞனிடம் பட்ட கடன் தீர்ந்துவிடுமா? சிவாஜி அப்படி நினைத்தவரல்ல. கட்டபொம்மனாக நடித்துப் பேர் வாங்கியதோடு நிற்காமல், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் இடம் வாங்கி 1970-ல் சிலையும் வைத்தார். அவர் தம் கடனைக் கட்டிவிட்டார். நாம் கட்டவேண்டியது பாக்கியிருக்கிறது.

மறுநாள் பையனை வீட்டுக்கு அழைத்து 1959-ம் வருஷத்துக் கட்டபொம்மனைப் போட்டுக் காட்டினேன். அவன் வைத்த கண் வாங்காமல் பார்த்தான். முடிந்ததும், "இவர் நம்ம பக்கத்து ஆளா, ஸார்?" என்றான். திருவையாற்றுத் தேர்தல் கதையைச் சொன்னேன். "இவரையா தோற்கடித்தார்கள்! யார் ஸார்?" என்று சீறினான், தூக்குமேடைக் கோபம் இன்னும் ஆறாமல்.

"எங்கள் அப்பாவும் ஒருவர்" என்றேன்.

பையன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, கூடத்து நடுவில் போய் நின்றுகொண்டு, "முதலிலிருந்து சொல்கிறேன், ஸார். தப்பு வந்தால் நிறுத்துங்கள்" என்றான். இந்தத் தடவை நான் சொல்லாமலே நிமிர்ந்து நின்றான்.