வேறு பெயரில் வந்த பொலிஸ்காரன்

ஊரிலிருந்து கனடாவுக்கு வந்திறங்கிய எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பழக்கியதில் தொலைக்காட்சிக்குப் பெரிய பங்குண்டு. அந்த நாட்களில் பொக்ஸ் தொலைக்காட்சியில் '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' ஓடிக்கொண்டிருந்தது. 1987 ஏப்ரலில் தொடங்கி 1991 வரை ஐந்து பருவங்கள். கதை நடப்பது ஒரு அமெரிக்க நகரத்தில், படம்பிடித்தது வன்கூவரில். மாணவர் போலத் தோற்றமுள்ள இளம் பொலிஸார் உயர்நிலைப் பள்ளிகளுக்குள் மாணவராகவே சேர்ந்து குற்றங்களைக் கண்டுபிடிப்பார்கள்.

வகுப்பில் எல்லோருக்கும் அதில் நடித்த ஜோனி டெப் மீதுதான் மோகம். நான் பார்த்தது அந்த இளம் பொலிஸாரில் ஒருவனான ஹரி ஐயோகியை. எங்களைப் போன்ற நிறமும் முடியும் உள்ள ஒருவன், கடைக்காரனாகவோ ரௌடியாகவோ இல்லாமல், நாயகர்களில் ஒருவனாக வந்ததே அப்போது பெரிய விஷயம். ஜப்பானிய அமெரிக்கன் என்றுதான் அவனை அறிமுகப்படுத்தியிருந்தார்கள். இரண்டாம் பருவத்தில், 'சைகோனில் கிறிஸ்மஸ்' என்ற கதையில், உண்மை வெளிவருகிறது. அவன் வியட்நாம் அகதி. சைகோன் விழுந்தபோது தப்பி வந்தவன், பொலிஸில் சேர்வதற்காக வேறொருவனின் பெயரை எடுத்திருக்கிறான். சொந்தப் பெயர் வின் வான் ட்ரான். அவனாக நடித்த டஸ்டின் நுயெனும் 1975இல் குடும்பத்தோடு சைகோனை விட்டு ஓடிவந்தவர்தான். அந்த முகத்தில் தெரிந்த பயம் எனக்கு நன்றாகப் பழகிய பயம்.

தலைமாற்றிய பாஸ்போட்டில் வந்தவர்கள் எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார்கள். ஏஜென்சிக்காரன் தந்த பெயரையும் பிறந்த திகதியையும் விமானத்தில் மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். காப்பாற்றப்பட்டவர்கள் தாங்கள் இந்தியாவிலிருந்து வருவதாக முதலில் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்பது பின்னர் தெரிந்தது. உடனே கனடா முழுவதும் கோபம் கிளம்பியது. திருப்பி அனுப்பப்படுவோமோ என்று நடுங்கும் மனிதன் எதைச் சொல்வான் என்று அந்தக் கோபக்காரர்கள் யோசித்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டே ஒரு அமெரிக்கத் தொடர் அதை யோசித்துப் பார்த்தது. அதற்காக நான் இன்றைக்கும் அத்தொடரை மதிக்கிறேன்.

தொடரில் குறையும் உண்டு. லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸார் 1974 முதல் உண்மையாகவே பள்ளிகளுக்குள் மாறுவேடத்தில் ஆட்களை அனுப்பி, போதைப்பொருள் வாங்குவதுபோல் நடித்து மாணவர்களைக் கைதுசெய்தார்கள். நண்பன் என்று நம்பியவன் கைவிலங்கோடு வந்து நின்றால் பதினாறு வயதுப் பிள்ளை பிறகு யாரை நம்பும்? தொடர் இந்தக் கேள்வியைச் சில கதைகளில் தொட்டது. அதன் அடிவரை போகவில்லை. இப்படியான பொறியில் முதலில் அகப்பட்டுக்கொள்வது தனித்திருந்து நட்புக்கு ஏங்கும் பிள்ளைகள்தான். புதிதாய் வந்த எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் இருந்தார்கள்.

இத்தொடரைப் பார்க்க நினைப்பவர்கள் அந்தக் கிறிஸ்மஸ் கதையிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திப் பாருங்கள். நீங்கள் எந்தப் பெயரில் இந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்று அவர்கள் கேட்டால், மறைக்காமல் சொல்லுங்கள்.