பத்தாயத்து இருட்டு

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, டெல்லியில் வாழும் மகன் வீட்டிற்குப் பாட்டி வந்திருந்தார். சில வாரங்களாக அவருடைய வலக்கை அடிக்கடி மரத்துப்போயிற்று, தலைவலியும் விடவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து மூளையைப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர்.

முதல் நாள் முயற்சி இரண்டு நிமிடங்கள்கூட நீடிக்கவில்லை. தலையைச் சுற்றிக் கூண்டு போன்ற கவசத்தைப் பொருத்தினார்கள். படுக்கை மெல்ல உள்ளே நகர்ந்தது. பாட்டிக்கு மூச்சு முட்டியது, நெஞ்சு படபடத்தது. அவர் போட்ட கூச்சலைக் கேட்டு உடனே வெளியே எடுத்தார்கள். “இனி அந்தக் குகைக்குள் போகமாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

அன்றிரவு, எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி அவர் அருகில் அமர்ந்தாள். “பாம்பைக் கண்டாலும் அஞ்சமாட்டீர்களே, பாட்டி! அங்கே மட்டும் ஏன் பயந்தீர்கள்?” என்று கேட்டாள். நெடுநேரம் கழித்தே பாட்டி வாய்திறந்தார்.

ஏழு வயதில் கண்ணாமூச்சி ஆடியபோது, நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்திற்குள் அவர் ஒளிந்துகொண்டார். பத்தாயம் என்பது பலகைகளால் செய்த பெரிய நெற்பெட்டி. யாரோ அதன் மூடியைச் சாத்திவிட்டார்கள். உள்ளே கும்மிருட்டு; நெல்தூசி. எவ்வளவு தட்டியும் எவருக்கும் கேட்கவில்லை. மாலையில்தான் அவரைக் கண்டெடுத்தார்கள்.

“அறுபது ஆண்டுகள் ஆகியும் அந்த இருட்டு என்னை விடவில்லை, கண்ணு. சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை” என்றார்.

பேத்தி சிரிக்கவில்லை. அடைபட்ட இடங்களைக் கண்டு அஞ்சுவோர் பலர். அது கோழைத்தனம் அன்று. ஆபத்து இல்லாதபோதும் உடல் ஆபத்தை உணர்ந்து துடிக்கிறது, அவ்வளவே.

மறுமுறை பேத்தியும் உடன் சென்றாள். ஸ்கேன் எடுக்கும் பணியாளரிடம் பாட்டியின் கதையை இந்தியில் கூறினாள். பத்தாயத்திற்கு இந்தியில் சொல் தெரியாமல், “நெல் வைக்கும் பெரிய மரப்பெட்டி” என்று விளக்கினாள். “முன்பே தெரிந்திருந்தால் அன்றே உதவியிருப்பேனே!” என்றார் பணியாளர்.

அவர் ஒவ்வொன்றாக விளக்க, பேத்தி தமிழில் எடுத்துரைத்தாள். கருவி ஒரு பெரிய காந்தம். 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தம், புவியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையானது. ஆகவே கொண்டை ஊசி, தோடு, மூக்குத்தி அனைத்தையும் கழற்ற வேண்டும். உடலுக்குள் உலோகக் கருவி இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். கம்பிச்சுருள்களில் மின்னோட்டம் விரைந்து மாறும்போது அவை அதிர்வதால் பேரொலி எழும். குழாயின் இரு முனைகளும் திறந்தே இருக்கும்; உள்ளே விளக்கும் காற்றும் உண்டு.

பிறகு ஒரு ரப்பர் பந்தைப் பாட்டியின் கையில் வைத்தார். அதை அழுத்தினால் மணி ஒலிக்கும். உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். முதல் நாளும் அதைக் கொடுத்திருந்தார்கள். இந்தியில் சொன்னதால் அது எதற்கு என்று பாட்டிக்கு விளங்கவில்லை. இப்போது அவர் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். மணி ஒலித்தது.

“பத்தாயத்தில் இது இல்லை” என்றார் பாட்டி.

உள்ளே போகுமுன்பே கண்களை மூடிக்கொண்டார். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விட்டார். மனத்திற்குள் தம் ஊர் வாய்க்கால் வரப்பில் நடந்தார். கண்ணாடிச் சன்னலுக்கு அப்பாலிருந்து, பணியாளரின் அனுமதியுடன் பேத்தி ஒலிவாங்கியில் பேசினாள். “பாட்டி, அடுத்தது நான்கு நிமிடம்... இன்னும் இரண்டு படங்கள்தான்.”

இவ்வளவு செய்தும் இயலாதவர்களுக்கு அமைதிப்படுத்தும் மருந்தை மருத்துவர் தருவதுண்டு. பாட்டிக்கு அது தேவைப்படவில்லை. இருபத்தைந்து நிமிடங்களில் படுக்கை வெளியே வந்தது. அழுத்தப்படாத பந்து அவர் கையிலேயே இருந்தது.

“நினைத்தபோது வெளியே வரலாம் என்று தெரிந்தது, அதனால் உள்ளே இருக்க முடிந்தது” என்றார் பாட்டி.

சிந்தித்து எழுதுக:

1. முதல் நாள் பயன்படாத பந்து, மறுமுறை எவ்வாறு பயன்பட்டது?
2. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு நீங்கள் மொழிபெயர்த்து உதவிய நிகழ்வை எழுதுக.