தணல் சட்டி

எங்கள் ஊர் வீட்டில் யன்னல்களைச் சாத்துவது மாரி மழைக்கு மாத்திரம்தான். கடற்காற்று முன்வாசலால் நுழைந்து குசினியால் வெளியேறிவிடும். அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. அட்டாளைச்சேனையில் பயிற்சி முடித்து, 2006இல் நுவரெலியாப் பக்கம் ஒரு கிராமப் பாடசாலைக்கு நியமனம் பெற்றுப் போனபோது, காற்றைப் பற்றி நான் கொண்டுபோன அனுபவமும் அவ்வளவுதான்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல். தை மாத இரவுகளில் புல்லில் உறைபனி படியும். நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குத் தகரக் கூரை, சீலிங் கிடையாது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மனைவி என்ன செய்வாள்? யன்னல் இடுக்குகளில் பழைய சீலைத் துண்டுகளைத் திணித்தாள், கதவடியில் சாக்கை வைத்தாள். குளிர் குறையவில்லை. விடியற்காலையில் தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கூரை ஒழுகுகிறதென்று நானே ஏறித் தார் பூசினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மழையே பெய்யவில்லை, விழுந்தது எங்கள் மூச்சிலிருந்த ஈரம். வெளியேற வழியின்றிக் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகியது. சுவர் மூலைகளில் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்தது. பிள்ளைக்கு இழுப்பு வந்தது.

அதனால்தான் தணல் சட்டியை அறைக்குள் வைத்தோம்.

அன்றிரவு சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையிடித்தது. கண் களைப்பென்று நினைத்தேன்.

"இஞ்ச பாருங்க, புள்ளயத் தட்டியும் முழிக்குதில்ல."

எழும்பினேன், கால்கள் நிற்கவில்லை. மனைவியின் கூக்குரல் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தோட்டத்துப் பெரியவர் ஓடிவந்து கதவைத் தள்ளினார்.

"கரிய வச்சிக்கிட்டு யாராச்சும் இப்படி அடச்சிக்கிட்டுப் படுப்பாங்களா சார்?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். குளிரில் சற்று நேரத்தில் அவள் சிணுங்கினாள். அன்றிரவே ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள்.

காற்றுப் போதாமல் கரி எரிந்தால் காபனோரொட்சைட்டு உண்டாகும். அது ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். விஞ்ஞான பாடம் படிப்பிப்பவன் நான். அதற்கு நிறமும் மணமும் இல்லையென்று கரும்பலகையில் எழுதிக் கீழே கோடும் போட்டவன்.

பெரியவர்தான் வழி சொன்னார். சூடு கூரையாலதான் போகிறது என்றார். பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை மலிவாக வாங்கித் தந்தார். உள்ளே ஈயத்தாள் ஒட்டியவை. தாள் பக்கம் மேலே இருக்கத் தகரத்துக்குக் கீழே தைத்தோம். இடையில் அடைபட்டு அசையாமல் நின்ற காற்றே எங்களுக்குக் கம்பளி. முகட்டுச் சுவரில் ஒரு கையகலத் துவாரத்தை மூடாமல் விட்டோம். நண்பகலில் எதிரெதிர் யன்னல்கள் இரண்டையும் பத்து நிமிடம் திறந்தோம். அறையின் காற்றுத்தான் மாறுகிறது, சுவரும் தரையும் சேர்த்து வைத்த சூடு அதற்குள் போய்விடுவதில்லை. தணல் சட்டி கொல்லைக்குப் போனது. இழுப்பும் மெல்லக் குறைந்தது.

ஜேர்மனியின் டாம்ஸ்டாட் நகரில் 1991இல் கட்டிய சிக்கன வீடுகளைப் பற்றிப் பிற்பாடு வாசித்தேன். இடுக்கேயில்லாமல் அடைக்கிறார்கள், ஆனால் வெளியே போகும் பழைய காற்றின் சூட்டை, கலக்காமலே, உள்ளே வரும் புதிய காற்றுக்கு ஏற்றிவிடும் கருவியையும் வைக்கிறார்கள். நாங்கள் முதற்பாதியை மட்டும் செய்திருந்தோம்.

இப்போது ஊரோடு வந்துவிட்டோம். கச்சான் அனலாய் வீசும் நாட்களில், பகலில் யன்னலைச் சாத்தி இரவில் திறந்தால் வீடு குளிரும் என்று மனைவிக்கு விளக்குவேன். தலையாட்டுவாள். பாடசாலை விட்டு வந்து பார்த்தால் பிள்ளையின் அறை யன்னல் மட்டும் அகலத் திறந்து கிடக்கும்.